கண்ணீர் ஸபுருக்கு மாற்றமன்று

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்றென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். நம் இல்லத்தார் இக்கடமையில் குறை வைப்பதில்லை. ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலே பழப்பையுடன் சுற்றமும் அண்டைவீட்டாரும் திரண்டுவிடுகின்றனர். ஆனால், அங்கே நாம் பேசும் பேச்சு நோயாளிக்கு மருந்தாகிறதா, மற்றுமொரு நோவாகிறதா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பிரசவ வார்டில் குழந்தையை இழந்து படுத்திருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அடுத்த கட்டிலிலிருந்து பச்சிளங்குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. இழப்பை அறியாத அவளது உடலிலோ இரண்டு மூன்று நாட்களில் பால் சுரந்து கட்டிக்கொள்கிறது. அவ்வேளையில் வருவோர், “அழாதேம்மா, ஸபுர் செய்! அல்லாஹ் இன்னொன்று தருவான்” என்கின்றனர். நல்ல சொற்களே. ஆயினும் அவள் வாய் திறக்குமுன்பே அவை வந்து விழும்போது, ‘அழுவது ஈமானின் குறைவோ?’ என்னும் அச்சமும் அவளது துயரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், பால்குடி மறவாத அருமை மகனார் இப்ராஹீமின் உயிர் பிரியும் நேரத்தில் அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன. “தாங்களுமா?” என வியந்து வினவிய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், இது இரக்கம் என்றே விடையளித்தார்கள். இறைவனுக்கு உவப்பில்லாததை நாவு கூறலாகாது. கண் கலங்குவதற்கும் நெஞ்சம் வருந்துவதற்கும் தடையில்லை என்பதே அவர்கள் காட்டிய நெறி. அம்மகனாருக்குச் சுவனத்தில் பாலூட்டும் தாய் உண்டென்றும் அறிவித்தார்கள். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களும் கவலையால் கண் வெளுக்குமளவு துயருற்றார்கள். அழகிய பொறுமையைப் பேசியவர்களும் அவர்களே!

ஆகவே சகோதரிகளே, ஸலாம் கூறி அருகில் அமருங்கள். அவள் பேசட்டும். ஒன்றையே பத்து முறை சொன்னாலும் முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள். குழந்தைக்குப் பெயரிட்டிருந்தால் அப்பெயரைச் சொல்லியே பேசுங்கள். “முன்பே டாக்டரிடம் காட்டியிருக்கலாமே” என்னும் விசாரணை வேண்டாம். அவள் மௌனமானால் நீங்களும் மௌனமாயிருங்கள். களைப்பைக் கண்டால் துஆச் செய்து விடைபெறுங்கள்.

சகோதரர்களே, வார்டுக்கு வெளியே மருந்துச் சீட்டுடன் நிற்கும் அத்தகப்பனையும் மறவாதீர்கள். தாயின் நலத்தை அவரிடமே அனைவரும் கேட்கின்றனர். அவரது நெஞ்சின் நிலையைக் கேட்பார் அரிது.

ஸபுரைப் பற்றிச் சொல்ல வேண்டாமா எனலாம். சொல்லுங்கள், அவர்கள் அழுது முடித்துச் செவிசாய்க்கும் வேளையில் சொல்லுங்கள். துயருற்றோரின் மனமறிந்து நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.