நூலிழையைவிட மெல்லிய இடைவெளியும் நமது மருந்து டாங்கியும்



பதினோராம் தரத்தில் நரம்புத் தொகுதி படிப்பிக்கும் நாட்களில் பின்வரிசையில் ஓரிரு பிள்ளைகள் மேசையில் தலைவைத்துக் கிடப்பார்கள். ஏனென்று கேட்டால், "விடிய வாப்பாவோட மருந்தடிச்ச சேர், தலை இடிக்குது" என்பார்கள். கற்பிட்டியிலிருந்து நுரைச்சோலை வரை, வெங்காயமும் மிளகாயும் செய்கிற ஊர்களில் படிப்பிக்கும் எங்களுக்கு இது புதினமல்ல. வீட்டில் "வெயில் பட்டிருக்கும்" என்று சொல்லி இளநீர் கொடுத்துவிடுவோம். ஆனால் அந்தத் தலையிடிக்குக் காரணம், அன்று கரும்பலகையில் நாங்கள் எழுதிய பாடத்திலேயே இருக்கக்கூடும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நமது மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்று மற்றதைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரை 50,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அதன் அகலம். கலங்கள் இப்படிச் சந்திக்கும் இடத்தைத்தான் சினாப்ஸ் என்கிறோம். நரம்பு வழியே மின்சாரமாக ஓடிவரும் செய்தி இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. அதனால் நரம்பின் நுனி ஒரு இரசாயனத்தை வெளியே விடுகிறது. களப்பின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு வள்ளத்தில் ஆள் அனுப்புவது போல. அது அக்கரையில் போய் ஒட்டியதும் அடுத்த கலம் விழித்துக்கொள்கிறது.

அப்படிச் செய்தி கொண்டுபோகும் இரசாயனங்களில் ஒன்று அசற்றைல்கோலின். கையைத் தூக்கு என்று தசைக்குச் சொல்வது அது. எச்சில் சுரக்கவும், இதயத்துடிப்பை மெதுவாக்கவும் சொல்வது அது. மூளைக்குள்ளே கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் அதற்குப் பெரிய பங்குண்டு. செய்தி சேர்ந்ததும் அது உடனே அகற்றப்பட வேண்டும். இல்லாவிட்டால் "தூக்கு, தூக்கு" என்று கட்டளை ஓயாது. அதற்கென்றே ஒரு நொதியம் இருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துத் துப்புரவாக்கும்.

நாம் அடிக்கிற பல பூச்சி மருந்துகள் கட்டிப்போடுவது இந்த நொதியத்தைத்தான். புரொபெனோபொஸ், குளோர்பைரிபொஸ், டயசினோன் போன்ற ஓகனோபொஸ்பேற் இனத்தவை எல்லாம் இந்த வேலையையே செய்கின்றன. காபமேற் இனமும் அப்படியே, ஆனால் அதன் பிடி சீக்கிரம் தளரும். துப்புரவாளன் கட்டுண்டதும் இரசாயனம் இடைவெளியில் தேங்கிவிடுகிறது. பூச்சி வலித்துச் சாகிறது. மனிதனுக்கோ வியர்வை, எச்சில், கண்ணீர், வயிற்றுப்பிரட்டல், தசைத் துடிப்பு வரும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். முற்றினால் மூச்சே நின்றுவிடும். பூச்சிக்கும் நமக்கும் இந்த நொதியம் பொதுவானது. மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் 1936இல் கண்டெடுத்ததுதான் தபுன் என்ற நச்சுவாயு. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விடப்பட்ட சரினும் அதே குடும்பம். வீரியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, ஆனால் தாக்கும் இடம் ஒன்றே.

நமது நாடு இதை அறியாமல் இல்லை. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் இரண்டும் 1995இல் தடைசெய்யப்பட்டன. 2008க்குப் பிறகு டைமெதோவேற், பென்தியோன் என்பனவும் நிறுத்தப்பட்டன. நஞ்சருந்தி உயிர்விடுவோர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தத் தடைகள் உடனே ஆளைக் கொல்லும் நஞ்சுகளுக்கானவை. சிறுகச் சிறுக உடம்பில் சேர்வதைத் தடுக்க வேண்டியது நாம்தான்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கும் நம்மைப்போல மரக்கறி செய்கிற பூமி. அங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்தார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் இந்த மருந்தின் எச்சம் ஆகக் கூடுதலாக இருந்த பிள்ளைகள், ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில், ஆகக் குறைவாக இருந்தவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் பின்னால் நின்றார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு இது. அந்தத் தாய்மாரில் எல்லோரும் டாங்கி சுமந்தவர்கள் அல்ல. காற்றிலும் உடுப்பிலும் உணவிலும் வந்து சேர்ந்ததும் அதில் அடங்கும்.

"அப்போ மருந்தே அடிக்க வேணாமா சேர்?" என்று கேட்பீர்கள். 2021இல் ஒரே அறிவித்தலில் எல்லாவற்றையும் நிறுத்தி நமது விவசாயிகள் பட்ட பாட்டை நாமும் கண்டோம். அதை மீண்டும் கேட்க எங்களுக்குப் பைத்தியமில்லை. எங்களது வீடுகளும் வெங்காயக் காசில் எழும்பியவைதான். நாங்கள் கேட்பது ஒன்றே: பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் மருந்திலிருந்து தூரமாக்குங்கள்.

பதினெட்டு வயதாகாத பிள்ளை டாங்கியைத் தூக்கவும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். மருந்தடித்த சாரத்தோடு வீட்டுக்குள் வந்து கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். வெளியிலேயே களைந்து, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். அந்த உடுப்பை வேறாகக் கழுவுங்கள். காலிப் போத்தலில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்காதீர்கள். வெளிநாட்டார் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கத் தேடிவரும் நமது காற்று, மருந்தையும் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோகும். காற்று எழும்பினால் அன்று அடிக்காதீர்கள். பாடசாலைக்குப் பக்கத்துத் தோட்டமென்றால் பாடசாலை விட்ட பிறகு அடியுங்கள். மேலே சொன்ன அறிகுறிகள் கண்டால் இளநீர் தேடி ஓடாமல், உடுப்பைக் களைந்து உடம்பைக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அத்ரோபின் என்ற மாற்று மருந்து அங்கே இருக்கிறது. நேரம்தான் உயிர்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் விவசாய சங்கத்தாரும் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால், கரும்பலகையோடு நாங்கள் வரத் தயார்.

கடைசியாக, எங்களைப் பற்றியும் ஒரு உண்மை. பின்வரிசையில் தூங்கிய பிள்ளையை "சோம்பேறி" என்று எழுப்பி நிற்க வைத்த ஆசிரியர்களில் நாங்களும் உண்டு. சினாப்ஸ் படம் வரைந்து பெயர் குறிக்கச் சொல்லி நான்கு புள்ளி போட்டோம். அந்தப் பிள்ளையின் சினாப்ஸில் என்ன நடக்கிறது என்று கேட்க மறந்தோம். இனி அப்படித் தலைசாய்க்கும் பிள்ளையிடம் முதலில், "காலையில எங்க மகன் நின்ட?" என்றுதான் கேட்போம்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களது மூளையும் அதில் அடக்கம்.