கடற்கரையும் விடுமுறையும்

ஓய்வென்பது வேலையின்மை அன்று. ஒரு போகம் நிலத்தைத் தரிசாக விடும் உழவனைப் பார்த்து, அவன் நிலத்தைக் கைவிட்டான் என்று எவரும் கூறார். அடுத்த விளைவுக்கு வலிமை சேர்க்கின்றான் என்றே கூறுவர். மாந்தர்தம் உடலுக்கும் உள்ளத்திற்கும் இஃது ஒக்கும். கோடை விடுமுறை அணித்தே வருதலின், நம் மாணவ அன்பர் பலர் கடற்கரைக்குச் செல்லக் கருதுகின்றனர். செல்லுதல் நன்றே; ஆயினும் எவ்வாறு செல்லுதல் தகும் என்பது பற்றி நாம் கொண்ட கருத்தைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் பிறந்த ஊர் தெள்ளார். பட்டு நெசவிற்குப் பேர்போன ஆரணியும், 1760ஆம் ஆண்டுப் போரால் பெயர் பெற்ற வந்தவாசியும் அடங்கிய நாடு நம் நாடு. தறியும் ஏரும் அறிந்த நமக்குக் கடல் அயலானது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரில் வென்று, ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடைமொழி பெற்ற மூன்றாம் நந்திவர்மன், மாமல்லைத் துறைக்கும் தலைவன். சயாம் நாட்டுத் தகுவாபாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று அவனிநாரணம் என்னும் குளத்தைக் குறிக்கின்றது; அது நந்திவர்மனின் சிறப்புப் பெயரால் அமைந்ததென்பர் அறிஞர். தெள்ளாற்று வென்றியும் கடல் கடந்த புகழும் ஒருவனிடத்தே கூடி நின்றமை இதனாற் புலனாகும்.

திண்டிவனம் சென்று கிழக்கே திரும்பின், நமக்கு அணித்தாகிய கடற்கரை மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. அந்நூல் வறுமையுற்ற பாணனை நல்லியக்கோடனிடத்து வழிப்படுத்துவது. வழியில் நெய்தல் நிலத்தார் அவனுக்குச் சுட்ட குழல்மீன் அளித்து ஓம்புவர் என்று அது கூறுகின்றது. பாணன் அங்கே விருந்தினனாகச் சென்றான் என்பதை நாம் கருத்தில் இருத்தல் வேண்டும். கடற்கரை பிறர் வாழும் ஊர். நாம் அங்கு விருந்தினரே. நெய்தற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர், அலையின் அழகை மட்டுமன்றி, கடல்மேற் சென்றாரை எதிர்நோக்கியிருப்பார் துயரையும் உணர்ந்தவர் ஆவர்.

இக்காலத்து நாம் செல்லும் முறை யாது? வைகறையில் வாடகை வண்டி ஏறுகின்றோம், காலையில் மாமல்லபுரம், மாலையிற் புதுச்சேரி, இடையில் உணவு விடுதி, நள்ளிரவில் வீடு. கைபேசியிற் படங்கள் நூறு சேர்கின்றன. கண்ணில் ஒரு காட்சியும் தங்குவதில்லை. மணலில் நெகிழிக் குப்பையை விட்டு, உடலில் அயர்வைக் கொண்டு மீள்கின்றோம். இதனை ஓய்வென்பது எங்ஙனம் பொருந்தும்? இஃது அலைச்சலுக்கு இட்ட அழகிய பெயரேயாம்.

இதனினும், ஓர் ஊரில் இரண்டு நாள் அமைந்திருத்தல் பெரும்பயன் தரும். மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலில் வற்றச் செய்து, படியும் உப்பை வாரிக் குவிப்பர். எந்த வெயிலுக்கு அஞ்சி நமக்கு விடுமுறை விடுகின்றனரோ, அந்த வெயிலே அவர்க்கு விளைச்சல். நாம் விரும்பி வேண்டும் மழையே அவர்க்கு வேலையற்ற காலம். இதனை ஒருமுறை கண்டார் உண்ணும் சோற்றில் உப்பின் அருமையை உணர்வர். அருகே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கின்றது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் அழிவுற்ற அக்கோட்டையின் நிழலில் மாலைப்பொழுதைக் கழிப்பார்க்கு அரசுகளின் நிலையாமை நன்கு விளங்கும்.

இனி, நம் விடுமுறையின் பெரும்பகுதியில் கடலுக்கும் ஒரு விடுமுறை உண்டென்பதைப் பலர் கருதுவதில்லை. கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளும் இழுவைப்படகுகளும் மீன்பிடித்தல் கூடாதென்பது விதி. முன்னர் 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருகுதற்கு இடங்கொடுப்பதே இதன் நோக்கம். கடல் ஓய்ந்தாலன்றி வலை நிறையாது. அந்நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகையும் அளிக்கின்றது. ஓய்வு வீணன்று, அதற்கு விலை கொடுத்தலும் தகும் என்பதைச் சமுதாயம் இங்கே ஒப்புக்கொண்டதன்றோ?

நிற்க. “தறியில் அமர்வார்க்குக் கடற்கரை ஏது? அது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு” என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. நெய்த புடவைக்கே கூலி பெறுவார்க்குத் தறி நின்ற நாள் கூலியற்ற நாள். குழித்தறியிற் காலை வைத்துக் குனிந்திருந்து கண்ணும் முதுகும் தேயும் அவரினும் ஓய்வுக்கு உரியார் யாவர்? மீனினம் அழியாமைப்பொருட்டு 61 நாட்களுக்கு வழிவகுக்கும் நாடு, நெசவாளர் கை தளராமைப்பொருட்டு ஆண்டிற்குச் சில நாட்களாயினும் கூலியோடு கூடிய ஓய்வை உறுதிசெய்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதனை முன்னின்று செய்தல் தகும். மணலில் அமர்ந்து கடலை நோக்குதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. வேண்டுவது பேருந்துச் செலவும், கூலி இழவாத ஒரு நாளுமே.

ஆதலின், மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் அணித்தாகிய கரையைத் தெரிந்துகொள்மின், ஓரிடத்தே அமைந்திருமின், அலையில் இறங்குமுன் அவ்வூர் மீனவரைக் கேண்மின், கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொணர்மின். இயலுமாயின் தனித்துச் செல்லாது, ஆண்டு முழுதும் உழைத்து நம்மைப் பயிற்றுவிக்கும் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்மின். கல்லூரி நமக்கு விடுமுறை தருகின்றது. அவர்க்கு அதனைத் தரவல்லார் நாமே.