உதகைக்குப் போனால் ஒரு நாளை மிச்சம் வையுங்கள்



"பிள்ளைகளின் விடுமுறைக்கு இந்தியாவிலே குளிரான ஊர் ஒன்றுக்குப் போக ஆசை. எங்கே தங்குவது, எதையெல்லாம் பார்ப்பது?" என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். கடந்த பெப்ரவரியில் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துச் சென்று வந்தேன். அந்தத் தாய்க்குச் சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊட்டி என்று நாம் அழைக்கும் உதகமண்டலம், தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நுவரெலியாவை விட ஏறத்தாழ 370 மீற்றர் அதிகம். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜோன் சலிவன் இங்கே வீடு கட்டி, ஏரியையும் அமைத்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் வாழ்ந்து வந்த மலை இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போகும் வழி

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து காலை ஏழு மணியளவில் மலை ரயில் கிளம்பும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்ட பாதை இது. 46 கிலோமீற்றர் தூரத்தில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் இருக்கின்றன. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இன்னொரு சட்டம் உண்டு. என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. குன்னூர் வரை நீராவி என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் வரை செல்லும். டிக்கட்டை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கடினம். மழைக்காலத்தில் மண்சரிவினால் ரயில் நிறுத்தப்படுவதும் உண்டு. அதனால் பஸ்ஸில் போகவும் ஆயத்தமாக இருங்கள்.

கார் அல்லது வேன் பிடித்துப் போகிறவர்கள் கவனிக்க: சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. கூட்டம் மலையைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டதே காரணம். பிளாஸ்டிக் போத்தல்களையும் பைகளையும் கொண்டுபோகாதீர்கள்.

தங்குமிடம்

ஏப்ரல், மே மாதங்களில் அறை வாடகை பல மடங்காகும். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள். சேரிங் கிராஸ் பகுதியில் தங்கினால் கடைத்தெருவுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் நடந்தே போகலாம். தமிழ்நாடு அரசின் சுற்றுலா விடுதியும் வை.டபிள்யூ.சி.ஏ. விடுதியும் பெண்கள் தனியாகவோ பிள்ளைகளோடோ தங்குவதற்கு ஏற்றவை.

பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெளிநாட்டவரை ஏற்பீர்களா? சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும்? மேலதிகக் கம்பளி தருவீர்களா? முதற்கேள்வி நமக்கு முக்கியமானது. எல்லா விடுதிகளும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஏற்பதில்லை. நாங்கள் முதலில் கேட்ட விடுதியில் மறுத்துவிட்டார்கள். ஏற்கும் விடுதியிலும் உங்களுக்கென்று தனிப் படிவம் நிரப்ப வேண்டும். இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் விழும். எவ்வளவு குளிரானாலும் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைக்க வேண்டாம். அதன் புகை மணமில்லாமலே உயிரைக் குடித்துவிடும்.

பார்க்க வேண்டியவை

முதல் நாள் தாவரவியல் பூங்காவுக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். பூங்கா 1848இல் ஆரம்பிக்கப்பட்டது. ஹக்கலைப் பூங்காவை விட மூத்தது. இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்று அங்கே இருக்கிறது. பூங்காவின் மேற்புறத்தில் தோடர்களின் குடியிருப்பான 'மந்து' ஒன்று உண்டு. தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வை வாங்குவதானால், கைத்தையலா என்று கேட்டு, அந்தப் பெண்களுக்கே பணம் போய்ச் சேரும் இடத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் நாள் தொட்டபெட்டா. நகரிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர். 2,637 மீற்றர் உயரமுள்ள இச்சிகரமே நீலகிரியில் உயர்ந்தது. காலையில் போனால்தான் முகில் மூடுமுன் பள்ளத்தாக்கைக் காணலாம். மாலையில் குன்னூருக்கு இறங்கி சிம்ஸ் பூங்காவைப் பாருங்கள்.

மூன்றாம் நாள்

பெரும்பாலானோர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று தெரியும் தேயிலையைப் பறிப்பவர்கள் யார் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

1964 ஒக்டோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நமது தோட்ட மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதி பாதியாகப் பங்கிட்டது. கப்பலில் போய் இறங்கியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து உருவானதுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் இன்றும் நம் மலையகத்துப் பேச்சைக் கேட்கலாம்.

என் பெரியம்மாவும் அப்படிப் போனவர்தான். அவர் கல்யாணம் முடித்த வீட்டுக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1976இல் தலைமன்னாரில் கப்பலேறினார். அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. அதன் பின் அக்காவும் தங்கையும் ஒரே ஒரு தடவைதான் சந்தித்திருந்தார்கள்.

கோத்தகிரிக்கு அருகே அவர் வீட்டுக்குப் போனோம். ரொட்டியும் சம்பலும் செய்து வைத்திருந்தார். "இங்கே எங்களைச் சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார். இங்கே நம்மை இந்தியத் தமிழர் என்று எழுதுகிறார்கள். கொழுந்து கூடையின் பாரம், கூலி, வேலை முடிந்த பின் வீடு யாருக்கு என்ற பயம் எல்லாவற்றையும் இருவரும் ஒப்பிட்டுப் பேசினார்கள். பெரிதாக எந்த வித்தியாசமும் இருக்கவில்லை.

இத்தனை வருடம் நீலகிரியில் இருந்தும் பெரியம்மா ஊட்டியில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. எங்களோடு கூட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தோம். பெரியம்மா ஆதார் அட்டையைக் காட்டி ஒரு புத்தகத்தில் கையெழுத்திட்டார். அம்மாவுக்கும் எனக்கும் வெளிநாட்டவர் படிவம் வந்தது. "நாங்க ஒரு தாய் வயித்துப் பிள்ளைக தம்பி, ரெண்டு கடுதாசி எதுக்கு?" என்று அம்மா கேட்டார். அந்தத் தம்பி சற்றுத் தடுமாறி, "சட்டம் அப்படிம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ போட்ட கையெழுத்து அது.

அன்றிரவு ஒரே கம்பளிக்குள் படுத்து இருவரும் விடியும் வரை கதைத்தார்கள். அடுத்த நாள் ஏரியில் படகோட்டம் போகலாம் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், இப்படியே இருப்போம்" என்றார் அம்மா.

சகோதரிகளே, பூங்காவும் சிகரமும் எங்கும் ஓடிவிடாது. பெரியம்மாவின் தலைமுறை முதுமையடைந்து வருகிறது. உங்கள் வீட்டில் பழைய கடிதமோ, படமோ, ஊர்ப் பெயரோ இருந்தால் தேடி எடுங்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாளை அவர்களுக்காக மிச்சம் வையுங்கள். அங்கே உறவினர் இல்லாதவர்கள், தேயிலைக் காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பதற்கு முன் அங்கு நிற்கும் அக்காவிடம் "எந்த ஊர்?" என்று கேளுங்கள். "பூர்வீகம் பதுளைப் பக்கம்" என்று பதில் வந்தாலும் வரும்.