வலையில் ஓட்டை யாருடையது?

போன மாதம் ஒரு படிப்பு வட்டத்தில் நண்பரொருவர் சொன்னார்: "கொசுவுக்கே மருந்து பழகிப்போச்சு தோழர். இனி மருந்தேற்றிய வலையக் கொடுத்தா என்ன, கொடுக்காட்டி என்ன? எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்." நம்மாள் சொல்லும்போது இது ஏகாதிபத்திய எதிர்ப்பு. இதே வாக்கியம் அரசாங்கக் கோப்பில் ஏறினால் நிதிக்குறைப்பு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழகிப்போனது உண்மை. டிடிடி-க்குச் சாகாத அனாபிலிஸ் கொசுவை 1959லேயே குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் பார்த்துவிட்டார்கள். 1961இல் இந்தியாவில் ஏறக்குறைய 50,000 என்று இறங்கியிருந்த மலேரியா, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. எதிர்ப்புத்திறன் மட்டுமே காரணமில்லை. 'ஒழிச்சாச்சு' என்று கைகழுவிய நிர்வாகமும் காரணம்.

கொசுவுக்கு யார் பழக்கிவிட்டது? குடிசைக்குள் தொங்கும் வலைக்கும் சுவரில் அடிக்கும் மருந்துக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்திக் காடுகளில் 1980களிலிருந்தே பைரித்ராய்டு மருந்துகளைக் கொட்டினார்கள். வலையில் ஏற்றுவதும் அதே வகைதான். வலைகள் ஊரூராகப் போய்ச் சேருவதற்கு முன்பே, 1990களில், ஐவரி கோஸ்ட்டில் மருந்தைத் தாங்கும் கொசுக்கள் பிடிபட்டன. ஏற்றுமதிப் பருத்திக்கு அடித்த மருந்துக்கு, அந்தக் காட்டோரக் குடிசையில் தூங்கும் பிள்ளை காய்ச்சலில் கிடந்து வட்டி கட்டுகிறது.

கொசு எப்படித் தப்பிக்கிறது? மருந்து போய் ஒட்டவேண்டிய நரம்பு வாசல் கொஞ்சம் மாறிவிடுகிறது. அல்லது உடம்புக்குள்ளேயே மருந்தை உடைக்கும் நொதி அதிகம் சுரக்கிறது. இவ்வளவுதான் சங்கதி.

அப்படியானால் வலை வீணா? சத்தீஸ்கரின் கொண்டாகாவ் மாவட்டம், ஆதிவாசிகளின் காட்டுப் பூமி. அங்கும் பெனின், கேமரூன், கென்யா, சூடான் நாடுகளிலுமாக 279 ஊர்த்தொகுதிகளில் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. எதிர்ப்புத்திறன் கூடிய இடத்திலும் குறைந்த இடத்திலும், வலைக்குள் தூங்கிய பிள்ளைகளுக்குத் தூங்காதவர்களைவிட மலேரியா குறைவு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வலை துணியாகவும் தடுக்கிறதே! மருந்து பட்ட கொசு உடனே சாகாவிட்டாலும் தள்ளாடத்தானே செய்யும்? ஆப்பிரிக்காவில் 2000க்கும் 2015க்கும் இடையில் தவிர்க்கப்பட்ட மலேரியா 66 கோடிக்கு மேல் என்றும், அதில் 68 விழுக்காடு இந்த வலைகளால் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பழைய வலையே போதும் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பைரித்ராய்டோடு குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை வந்திருக்கிறது. நரம்பைத் தொடாமல் கொசுவின் செல்லுக்குள் சக்தி உண்டாவதையே முடக்கும் மருந்து அது. டான்சானியாவில் இரண்டு வருஷம் சோதித்ததில், பழைய வலை கொடுத்த ஊர்களைவிடப் பிள்ளைகளுக்கு மலேரியா 44 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு 2022இல் வந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. ஆக வலை வேலை செய்கிறது, இன்னும் நல்ல வலையும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகணும் நாம்.

வேறொரு பழியும் இருக்கிறது: 'சனங்களுக்கு விவரம் பத்தாது, வலையில மீன் பிடிக்கிறாங்க.' விக்டோரியா ஏரிக்கரையில் கொசுவலையில் மீன் பிடித்ததும் காயவைத்ததும் நடந்ததுதான். பசி முதலில், காய்ச்சல் பிறகு. வயிறு காய்ந்தவன் போடுகிற கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

வங்கியில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். மேசை நாற்காலிக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் போடுகிறோம். வலை மூன்று வருஷம் தாங்கும் என்பது காகிதக் கணக்கு. மண்தரை, விறகடுப்பு, ஒரே பாயில் ஐந்து பேர் என்றிருக்கும் வீட்டில் அது அதற்கு முன்னாலேயே கிழிகிறது. கிழிந்த பின்னும் பதிவேட்டில் அந்த வீடு 'வலை பெற்ற வீடு'தான்.

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் கேட்கப்போகிறேன்: "கொண்டாகாவ் குடிசைக்கு இப்ப எந்த மருந்து ஏத்துன வலை போகுது? கடைசியா மாத்தினது எந்த வருஷம்? விசாரிச்சுட்டு வாங்க, சேர்ந்தே மனு எழுதுவோம்."