ரேஸ் நாய்க்கு சோபா எதுக்கு?

எதுக்குன்னு கேக்கறவங்களுக்காகத்தான் மக்களே இந்தப் பதிவு. புளோரிடாவில் 2018-ல ஓட்டுப் போட்டு, 2020 முடிவோட கிரேஹவுண்ட் பந்தயத்தை நிறுத்தினாங்க. என்னைக் கேட்டா அது பாதி வேலைதான். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடுற பிராணி. கூண்டும் ஓடுதளமுமா வளர்ந்ததால மாடிப்படி, கண்ணாடிக் கதவு, சோபா எதுவும் தெரியாது. உடம்புல கொழுப்பு கம்மி, வெறுந்தரை எலும்பைக் குத்தும். ஏத்துங்க சார்! தூக்கிப் போடாம, மெத்தை மேல வேகவெச்ச சிக்கன் துண்டு வைங்க. முதல் நாள் முன்னங்கால் ரெண்டு ஏறினாலே போதும். எங்க வீட்டு ராணிக்கு மூணு நாள் ஆச்சு. (இப்ப எனக்குத்தான் இடமில்லை :-))

ஆனா 'இறங்கு'ங்கிறதையும் அதே வாரம் பழக்கணும். இதுங்கள்ல சிலது கண்ணைத் திறந்துகிட்டே தூங்கும்; தூக்கத்துல தொட்டா திடுக்கிட்டுக் கடிச்சிடலாம். பக்கத்துல குழந்தை இருந்தா? அந்த ஒரு கடியோட நாய் திரும்பக் கூண்டுக்குத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழுந்தப்புறம் தொடச் சொல்லுங்க.