சொம்பை வரைந்து காட்டு!

பர்ஸில் ஒரு புதுப் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். (மாதக் கடைசி என்றால் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிப் பாருங்கள். திருப்பிக் கொடுத்துவிடவும்.) பத்துக்கு முன்னால் ஒரு சின்னம் இருக்கிறது அல்லவா? மேலே இரண்டு படுக்கைக் கோடு, அதில் தொங்கும் ஒரு வளைவு, கீழே சாய்ந்து இறங்கும் ஒரு கால். அவ்வளவுதான்.

அதை உருவாக்கியவர் டி. உதயகுமார். கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். மத்திய அரசு ரூபாய்க்குச் சின்னம் வேண்டும் என்று போட்டி வைத்தபோது மூவாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தன. அதில் இவருடையதை 2010 ஜூலை 15 அன்று மத்திய மந்திரிசபை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம்.

"இதுக்குப் போயா இரண்டரை லட்சம்? எங்க தெரு சைன்போர்டு பெயிண்டர் இதைவிட அழகா வரைவாரே!" என்று அப்போதே பலர் கேட்டார்கள். வரைவார். சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி அழகைப் பற்றியதல்ல. டாலர், பவுண்டு பக்கத்தில் கூச்சப்படாமல் உட்கார வேண்டும். நம் நாட்டுச் சரக்கு என்று தெரிய வேண்டும். வெள்ளைக்காரனுக்கும் புரிய வேண்டும். கீரைக்காரம்மா ஸ்லேட்டில் சாக்பீஸால் எழுதினாலும் அடையாளம் மாறக் கூடாது. உதயகுமார் இந்தி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, 'ஆர்' எழுத்தின் முதுகுக் கோட்டை உருவி எறிந்தார். உருவி எறிந்தது எதை என்பதில்தான் இருக்கிறது இரண்டரை லட்சம்.

இந்த வேலைக்குப் பெயர் டிசைன். இதைச் சொல்லித் தர காலேஜ் இருக்கிறது. உள்ளே போக என்ட்ரன்ஸும் இருக்கிறது. அதற்கு எப்படித் தயாராவது என்பதுதான் இந்த வாரம்.

* * *

கள்ளக்குறிச்சியிலிருந்து தெற்கே கொஞ்சம் இறங்கி, திட்டக்குடி வந்து, வெள்ளாற்றைத் தாண்டினால் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டம். துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருப்பார் என்று சொல்லத்தக்க ஊர். அங்கே ஒரு பிளஸ் டூ பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் பூராவும் படமாக இருக்கும். ராத்திரி அத்தாவிடமிருந்து துபாய் போன்.

"அத்தா, நான் டிசைன் படிக்கப் போறேன்."

"துணிக்கா, வீட்டுக்கா?"

"எல்லாத்துக்கும்தான் அத்தா."

"எல்லாத்துக்கும்னா எதுக்கும் இல்லைன்னு அர்த்தம்ப்பா. பேசாம சிவில் டிப்ளமா போடு. விசாவுக்கு நான் பாத்துக்கறேன்."

அத்தாவைக் குறை சொல்லாதீர்கள். படம் போட்டுப் பிழைத்தவனை அவர் சினிமா பேனரில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் ஃப்ளெக்ஸ் வந்ததும் போய்விட்டது. பையன் அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தப் பரீட்சை எதைக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிய வேண்டும்.

பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு 'யூசீட்' என்று ஒன்று. 2015லிருந்து ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது. பம்பாய், டெல்லி, கௌஹாத்தி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களில் டிசைன் பட்டப்படிப்புக்கு இதுதான் வாசல். எந்த குரூப் படித்திருந்தாலும் எழுதலாம், காமர்ஸ் உள்பட. மூன்று மணி நேரம், 300 மார்க். முதல் இரண்டு மணி கம்ப்யூட்டரில். கடைசி ஒரு மணிதான் பென்சில், பேப்பர். இதில் ஒரு சூட்சுமம்: கம்ப்யூட்டர் பகுதியில் தேறியவர்களின் படத்தை மட்டும்தான் திருத்துவார்கள். ரவிவர்மாவே வந்து எழுதினாலும், கனசதுரத்தை மடிக்கத் தெரியவில்லை என்றால் அவர் படம் கட்டுப் பிரிக்காமலே கிடக்கும்.

அஹமதாபாத் என்.ஐ.டி.க்குத் தனிப் பரீட்சை, பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்று இரண்டு கட்டம். நிஃப்டுக்கு இன்னொன்று. சென்னையிலேயே 1995லிருந்து ஒரு நிஃப்ட் இருக்கிறது. அங்கே இரண்டாம் சுற்றில் காகிதம், கம்பி, துணி என்று கொடுத்து ஏதாவது செய்து காட்டச் சொல்வார்கள்.

* * *

அஹமதாபாத் என்.ஐ.டி. பிறந்த கதையிலேயே பாதி சிலபஸ் இருக்கிறது. 1958ல் நம் அரசாங்கம் அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியை வரவழைத்தது. நாற்காலி வடிவமைத்து உலகப் புகழ் பெற்றவர்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு மூர்ச்சையானதாக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருப்போம். அவர்கள் மயங்கியது சொம்பைப் பார்த்து!

நம் வீட்டுப் பித்தளைச் சொம்பேதான். இந்த நாட்டில் பார்த்தவற்றிலேயே அருமையான பொருள் இதுதான் என்று எழுதிவிட்டு, அதைப் பற்றி வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? இடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும், தலையில் வைத்தால்? காலியாக இருக்கும்போது உருளுமா? உள்ளே கை விட்டுத் துலக்க முடியுமா? உள்ளே இருப்பது சூடாக இருந்தால் கையில் பிடிக்க முடியுமா? கீழே வைத்தால் என்ன சத்தம்? பழசானால் என்ன விலைக்குப் போகும்? ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்ததல்ல இது, தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுக் கைபட்டு வந்த வடிவம் என்றார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் 1961ல் என்.ஐ.டி. வந்தது.

ஆகவே பாடம் ஒன்று: சொம்பு.

தரையில் சொம்பை வையுங்கள். ஸ்டூலில் உட்காருங்கள். பத்து நிமிஷம், ரப்பர் கிடையாது. முதல் படத்தில் நிச்சயம் நடக்கப் போவது இது: வாயை முட்டை வடிவில் அழகாக வளைப்பீர்கள், அடியை ஸ்கேல் வைத்தாற்போல நேராகப் போடுவீர்கள். தரை தட்டைதானே, அடியும் தட்டை என்று மூளை சொல்லும். மூளை சொல்வதைக் கேட்காதீர்கள், கண் சொல்வதைக் கேளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது அடியும் வளைவுதான். அதுவும் கண்ணிலிருந்து தள்ளி இருப்பதால் வாயைவிட இன்னும் உருண்டையான வளைவு. சொம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள், வாய் வெறும் கோடாகிவிடும். பரீட்சைக்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஷேடிங்கை அல்ல.

பாடம் இரண்டு: பஸ் ஸ்டாண்டு. கூட்டத்தை வரையச் சொன்னால் எல்லாரும் தூரத்து ஆளைச் சின்னதாகப் போட்டுப் பக்கத்து ஆளின் முழங்காலுக்கு நேரே நிறுத்திவிடுவார்கள். குள்ளன் மாதிரி நிற்பான். நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், சமதரையில் உங்கள் உயரத்து ஆட்கள் எல்லாருடைய தலையும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். தூரம் போகப்போகக் கால்தான் மேலே ஏறும். ஒரு நாள் கவனியுங்கள், பிறகு மறக்காது. அடுத்து அதே பஸ் ஸ்டாண்டை பெஞ்சில் உட்கார்ந்து வரையுங்கள். பிறகு பஸ் கூரை மேலிருந்து தெரிவதாக. பிறகு தரையில் கிடக்கும் டீ கிளாஸுக்குள் இருக்கும் ஈயின் கண்ணால். கடைசியாகச் சொன்னது தமாஷ் இல்லை, இந்த மாதிரிதான் கேட்பார்கள்.

பாடம் மூன்று: தீப்பெட்டி. பிரித்து விரியுங்கள், வரையுங்கள், மறுபடி மடிக்காமலே எந்தப் பக்கம் எதற்கு எதிரே வரும் என்று சொல்லுங்கள். மைசூர்பாகு ஒரு கனசதுரம். ஆறு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டி 27 சின்னத் துண்டாக வெட்டினால் எத்தனை துண்டில் வெள்ளித்தாளே இருக்காது? (ஒன்று. நட்ட நடுவில். மூன்று பக்கம் ஒட்டியவை 8, இரண்டு 12, ஒன்று 6. கூட்டிப் பாருங்கள்.) சைக்கிளில் பெடல் பக்கம் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று? ஏறக்குறைய இரண்டரை. இதற்கெல்லாம் கோச்சிங் சென்டர் வேண்டாம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால் போதும். பழைய கேள்வித்தாள்களை ஐ.ஐ.டி. பம்பாயே இலவசமாகக் கொடுக்கிறது. இன்னொன்று, விடை எண்ணை நீங்களே தட்ட வேண்டிய கேள்விகளில் தப்புக்கு மார்க் பிடிக்க மாட்டார்கள், தைரியமாகத் தட்டுங்கள். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் பிடிப்பார்கள், அங்கே குருட்டாம்போக்கு வேண்டாம்.

* * *

மிச்சம் இருப்பது 'ஒரு பிரச்னைக்குத் தீர்வு வரை' என்கிற சமாசாரம். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். "பாட்டிக்கு பஸ் படி ஏற முடியவில்லை, என்ன செய்யலாம்?" என்றால் உடனே ஒரு பட்டன், ஒரு மோட்டார், ஒரு ஸென்சார். பாட்டியே வேண்டாம் என்று ஒரு ரோபோ! விலை யார் கொடுப்பது, ரிப்பேர் யார் பார்ப்பது என்ற பேச்சே இருக்காது.

பெரம்பலூர் பக்கத்துப் பையன்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்த மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், பக்கங்களில் இடைவெளி விட்டுக் கட்டி, மேலே கூரை போட்டு, அகலம் குறைவாக, நீளமாக. ஏன் உயரம்? கீழே காற்று போக, ஈரம் ஏறாமல் இருக்க. ஏன் அகலம் குறைவு? அகலமாகக் குவித்தால் நடுவில் புழுங்கி அழுகும். ஒரு ஸ்குரூ கிடையாது, கரன்ட் கிடையாது. விலை ஏறும்வரை சரக்கு காத்திருக்கும்.

அதைப் போய் வரையுங்கள். ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். யார் நிரப்புகிறார்கள், யார் குனிகிறார்கள், எங்கே இடுப்பு வலிக்கிறது, மழை எந்தப் பக்கம் அடிக்கிறது? அங்கே வேலை செய்யும் பெரியம்மாவிடம், "இதில எது உங்களுக்குத் தொந்தரவு?" என்று கேளுங்கள். பிறகு மூன்று தீர்வு போடுங்கள்: ஒன்று காசே இல்லாமல், ஒன்று நூறு ரூபாயில், ஒன்று ஆயிரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளையும் வரையுங்கள். ஆள் இல்லாத படத்தில் அளவும் தெரியாது, பிரச்னையும் தெரியாது. கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த ஆயிரம் பேர் ஒரே மாதிரி ஸ்மார்ட் குப்பைத்தொட்டி வரையும்போது, வெங்காயப் பட்டறை தெரிந்தவன் தனியாகத் தெரிவான்.

* * *

இனிப்பு போதும். கசப்பும் கொஞ்சம்.

கேள்வித்தாள் தமிழில் வராது. யூசீட் ஆங்கிலம் மட்டும். இங்கிலீஷ் மார்க்குக்காக அல்ல, கேள்வி என்ன என்று புரிந்துகொள்வதற்காகவே தினம் ஒரு பக்கம் படித்தாக வேண்டும். விண்ணப்பம் அக்டோபரில், பரீட்சை ஜனவரியில். பிளஸ் டூ பொதுத் தேர்வு ஞாபகத்தில் தேதியைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். இரண்டு முறைதான் எழுதலாம், அதுவும் அடுத்தடுத்த வருஷங்களில். பி.சி. என்று மாநில அரசு கொடுத்த சான்றிதழை நீட்டினால் செல்லாது. ஓ.பி.சி. என்று மத்திய அரசு படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கியது வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை என்று உங்களுக்கே தெரியும். பென்சிலைச் சீவுவதற்கு முன் அதைச் சீவுங்கள்.

சீட்டு குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம். கிடைக்காமல் போகலாம். அப்போது அத்தா ஜெயித்துவிட்டாரா? இல்லை. இங்கேதான் உதயகுமாரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் பிளஸ் டூ முடித்ததும் நேரே டிசைனுக்குப் போகவில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்கிடெக்சர் முடித்துவிட்டு, பிறகுதான் பம்பாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் துறைக்குப் போனார். அங்கேயே டாக்டர் பட்டம் வரை படித்தார்.

அதற்கு இன்றைக்கு இருக்கும் வாசலின் பெயர் 'சீட்'. பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருஷ டிகிரியோ டிப்ளமாவோ முடித்த யாரும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது. எத்தனை முறை என்ற கணக்கும் கிடையாது. அதாவது அத்தா சொன்ன சிவில் டிப்ளமாவை மூன்று வருஷம் படித்து முடித்துவிட்டும் எழுதலாம்! அத்தாவுக்கும் சந்தோஷம், பையனுக்கும் வாசல் மூடவில்லை. இதைத்தான் அவன் போனில் சொல்ல வேண்டும்.

அப்படியே இன்னொருவருக்கும் சொல்லி வைக்கிறேன். மீட்டிங்கில் மானேஜர் பேசும்போது டைரி ஓரத்தில் அவர் மூக்கை வரைந்துகொண்டிருக்கும் நண்பரே, வயது வரம்பு கிடையாது என்று சொன்னேனே, உங்கள் காதில் விழுந்ததா?

மூக்கு நன்றாகத்தான் வந்திருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் மேஜை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை வரையுங்கள். அடிப்பக்கம் வளைவு, ஞாபகம் இருக்கட்டும்.