மூச்சிலும் பிடித்தம்

மூக்கில் கிளிப்பை மாட்டுவதற்கு முன்னால் விவரம் கேட்டார் அந்தத் தங்கச்சி. வயசு, உயரம். ஆண் என்பதை அவரே தட்டிக்கொண்டார். நாலாவதாக ஒரு கட்டம் வந்தது. அதையும் கேட்காமலேயே தட்டினார். எட்டிப் பார்த்தேன். இனம் என்று இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"மெஷின் கேக்குது சார். போடலேன்னா அடுத்த பக்கத்துக்குப் போகாது."

நமக்கோ இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளிலிருந்து வந்த கலக்கம். சரி, ஊதினேன். "நார்மல்" என்று தாள் வந்தது. வங்கியில் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணும் மெஷின் கிளப்புகிற தூசியில் மத்தியானமே வீசிங் வந்துவிடுகிற எனக்கு நார்மல். இதில் மெஷின் மேல் பழி போட மாட்டேன். ஆஸ்துமாக்காரன் இளைப்பு இல்லாத நேரத்தில் ஊதினால் நார்மல் வருவது உண்டு, அது இந்த நோயின் சுபாவம். எனக்குத் தூக்கம் கெட்டது அந்த நாலாவது கட்டத்தால்.

அந்தக் கட்டம் என்ன செய்கிறது தெரியுமா? பிடித்தம் செய்கிறது. வெள்ளைக்காரன் இவ்வளவு காற்றை ஊதணும், கறுப்பராக இருந்தால் அதில் 10 முதல் 15 சதவீதம் கழித்துக்கொள், ஆசியராக இருந்தால் 4 முதல் 6 சதவீதம் கழித்துக்கொள். நான் கிளார்க், கணக்காகவே சொல்கிறேன். ஒரு கறுப்பினத் தொழிலாளி ஊதியது 2.9 லிட்டர். அதே வயசு, உயரமுள்ள வெள்ளையருக்கு எதிர்பார்ப்பு 4 லிட்டர் என்றால் இவருக்கு இருப்பது 72 சதவீதம், நுரையீரல் கெட்டிருக்கிறது. இனத்தின் பேரால் 15 சதவீதம் கழித்தால் எதிர்பார்ப்பே 3.4 லிட்டர்தான். இப்போது அவருக்கு 85 சதவீதம். நார்மல், வேலைக்குப் போ! மூச்சு அதே மூச்சு. மாறியது கழித்தல் மட்டும்.

இந்தக் கழித்தல் எங்கே பிறந்தது? 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்பவர் ஸ்பைரோமீட்டரை வைத்து இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்தார். அவர் ஆட்களைப் பிரித்தது தொழிலை வைத்து: மாலுமி, போலீஸ்காரர், தீயணைப்பவர், பரம ஏழை. அதே கருவி அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போனதும் தொழில் மறைந்து தோல் வந்துவிட்டது. கறுப்பரின் நுரையீரலே வேறு மாதிரி என்று அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சன் 1785லேயே எழுதி வைத்திருந்தார். சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் அதற்கு எண் கொடுத்தார்: 20 சதவீதம் குறைவு. அடிமை தப்பி ஓடுவதே ஒரு நோய் என்று 1851இல் பெயர் வைத்த மகானுபாவர் இவர்தான். கட்டாய உழைப்புதான் கறுப்பரின் ரத்தத்துக்கு உயிரூட்டுகிறது என்றும் சொன்னார். பருத்திக் காட்டில் சாட்டையடி வாங்குவது வைத்தியமாம்! அப்புறம் உள்நாட்டுப் போர். சிப்பாய்களை அளந்து பெஞ்சமின் கூல்ட் 1869இல் பெரிய புத்தகம் போட்டார். அளக்கப்பட்ட கறுப்புச் சிப்பாய்களில் எத்தனையோ பேர் நேற்றுவரை அடிமைகள். அந்த அடிமை வாழ்வு கணக்கில் ஏறவில்லை, நிறம் ஏறியது. லண்டி பிரவுன் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

"அளந்து பார்த்தா குறைவாத்தானே இருக்கு, அளவு பொய் சொல்லுமா?" என்று கேட்கிற அறிவாளிகள் உண்டு. குறைவாக இருப்பது நிஜம். ஏன் குறைவு என்பதில்தான் திருட்டு. வயிற்றுப் பிள்ளைக்காரி பட்டினி கிடந்தால், பிள்ளை எடை குறைந்து பிறந்தால், அடுப்புப் புகையிலும் ஆலைத் தூசியிலும் வளர்ந்தால், நுரையீரல் முழுசாக வளராது. இது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. நோயில்லாதவர், சிகரெட் பிடிக்காதவர் என்று ஆள் பொறுக்கித்தான் இந்த நார்மலைத் தயாரிக்கிறார்கள். எங்கம்மா ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஈர விறகை மூட்டி ஊதாங்குழலை ஊதி ஊதியே அவளுக்கு நெஞ்சு போச்சு. இருமல் முற்றுவதற்கு முன்னால் அளந்திருந்தால் அவளும் நார்மல் பட்டியலில் ஏறியிருப்பாள். சமூகம் திருடியதை உடம்பின் இயல்பு என்று எழுதுவது நமக்குப் புதுசா? மலம் அள்ளுகிறவனுக்கு நாற்றம் தெரியாது, பழகியிருக்கும் என்று சொன்னவர்கள் நம்ம ஊர்லயும் இருக்காங்களே.

1999இல் இந்தக் கழித்தல் கோர்ட்டுக்கே வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் பால்டிமோரில் நஷ்டஈடு கேட்டார்கள். ஓவன்ஸ் கார்னிங் கம்பெனி சொன்னது: கறுப்பருக்கு இயல்பாகவே அளவு குறைவு, ஆகவே வெள்ளையரைவிட இன்னும் மோசமாக ஊதினால்தான் அவர்கள் வழக்கை எடுக்க வேண்டும். நீதிபதி ஏற்கவில்லை.

ஆஸ்துமாவால் கறுப்பர்கள் சாவது அங்கே வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாட்டில்தான் நோய் எவ்வளவு கடுமை என்று தீர்மானிக்கிற எண்ணில் இவர்களுக்குக் கழிவு போட்டுவந்தார்கள். 2023இல்தான் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி இனம் பார்க்காத ஒரே சமன்பாட்டைப் பயன்படுத்தச் சொன்னது. அப்படி மாற்றினால் அமெரிக்காவில் 1 கோடியே 25 லட்சம் பேருக்கு நுரையீரல் பற்றிய முடிவு மாறலாம் என்று 2024இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. யாருக்கு மூச்சுத் தொல்லை வரும், யார் சாவார் என்று கணிப்பதில் பழைய சமன்பாடும் புதியதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும் அதே ஆய்வு சொன்னது. அப்புறம் எதற்குய்யா இத்தனை காலம் கழித்தீர்கள்?

இதிலும் ஒரு கண்ணி உண்டு. புதிய கணக்கில் நஷ்டஈடு கிடைக்கிற அதே கறுப்பர், தீயணைப்பு வேலைக்குப் போனால் "மூச்சு பத்தாது" என்று திருப்பி அனுப்பப்படலாம். எண்ணைத் திருத்தியதோடு ஓய முடியாது. அந்த எண் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்கணும்.

"அப்போ கட்டமே வேண்டாங்கறியா? நாளைக்கு இடஒதுக்கீட்டுக் கட்டத்தையும் எடுத்துடலாமா?" என்று எங்கள் கிளையில் ஒரு நண்பர் நக்கலாகக் கேட்டார். நான் எஸ்.சி. கட்டத்தில் டிக் போட்டு வேலைக்கு வந்தவன், அதில் எனக்கு வெட்கமில்லை. பறித்ததைத் திருப்பித் தரச் சொல்லும் கட்டம் அது. பறித்ததை இயற்கை என்று எழுதிக் கணக்கை முடிக்கிற கட்டம் இது. ஆஸ்துமா ஆராய்ச்சியிலேயே நேர்மாறான உதாரணம் இருக்கு. 2022இல் முடிவு வெளியான பிரிப்பேர் என்ற ஆய்வில் சேர்க்கப்பட்ட 1,201 பேரும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான். அதை வடிவமைக்கும்போதே நோயாளிகளைக் கூட உட்காரவைத்தார்கள். மூச்சு முட்டி நிவாரண மருந்தை எடுக்கும்போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரையும் இழுக்கச் சொன்னார்கள். கடுமையான தாக்குதல் ஆளுக்கு வருஷத்துக்கு 0.82 என்பது 0.69 ஆகக் குறைந்தது. அங்கேயும் இனம் கேட்டுத்தான் ஆள் சேர்த்தார்கள். கேட்டது கழிக்க அல்ல.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தோழர்கள் உங்கள் ஆஸ்பத்திரி மெஷினைத் திறந்து பாருங்கள். எந்தச் சமன்பாடு, யாரை அளந்து போட்டது, அதில் சேரிக்காரர் எத்தனை பேர் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். பதிலை இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். எனக்கு அடுத்த மாதம் மறுபடி ஊதச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை நாலாவது கட்டத்தில் தட்டுவதற்கு முன்னால் அந்தத் தங்கச்சியின் கையை நிறுத்தி, கழித்தது எவ்வளவு என்பதைத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லப் போகிறேன்.